ஊசுட்டேரிக்குப் போய் வாருங்கள்!

விடுமுறை வந்தால் குழந்தைகள் "எங்கேயாவது போகலாம்" என்று நச்சரிக்கிறார்களா? கடற்கரையும் அலுத்துவிட்டதா? புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் புறப்படுங்கள். புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர்தான்.

ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பு. பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் ஏரி ததும்பி நிற்கும். தூர தேசத்து வாத்துகள் கூட்டங் கூட்டமாக இறங்கியிருக்கும். நெற்றியில் வெள்ளை நாமத்துடன் நீந்தும் நாமக்கோழியைக் காட்டினால், குழந்தைகளின் குதூகலத்தைக் கேட்கவா வேண்டும்!

"கரையிலேயே கூடாரம் அடித்து இரவும் தங்கிவிடலாமே!" என்பார் உங்கள் வீட்டுக்காரர். சம்மதித்துவிடாதீர்கள். 2008-ஆம் ஆண்டில் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பகலெல்லாம் இரை தேடிய பறவைகள் அடையும் நேரத்தில் நாம் அடுப்பு மூட்டிப் பாட்டும் போட்டால், அவை எங்கே போகும்? சுற்று வட்டாரத்து நிலத்தடி நீருக்கும் இந்த ஏரியே ஆதாரம். அதில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை நம் வீட்டு நீரையே கெடுக்கும்.

ஆகவே, பொழுது சாயுமுன் இலையையும் பையையும் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். விருந்தினர் வீட்டில் நாம் எப்படி நடந்துகொள்வோமோ, அப்படியே அங்கேயும்!