ட்ரோன் பேட்டரியை ரூமிலேயே வைக்கிறீங்களா? லிப்போ பேட்டரி தீப்பிடிப்பது ஏன், தடுப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் செல்போன், கார், பைக் எனப் பல பொருட்கள் தயாராகின்றன. ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையத்துக்குத் தேர்வான இடமும் இங்குள்ள வல்லம் வடகால் சிப்காட்தான். பென்னலூர், தண்டலம் பக்கமுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களில் தொடங்கி, ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வரும் இளைஞர்கள் வரை பலருக்கும் ட்ரோன், ஆர்.சி. கார், ஆர்.சி. விமானம் ஆகியவற்றில் ஆர்வம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது ஒரு சின்ன பேட்டரி. அதன் பெயர் லித்தியம் பாலிமர், சுருக்கமாக லிப்போ.

கையடக்கமான இந்த பேட்டரிக்கு, மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியில் இருக்கும் பாதுகாப்பு கிடையாது. அது ஏன், வீட்டிலும் பயணத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

ஸ்கூட்டர் பேட்டரிக்கும் ட்ரோன் பேட்டரிக்கும் என்ன வித்தியாசம்?

2022 மார்ச் மாத இறுதியில் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் சிக்கி ஒரு தந்தையும் அவரது 13 வயது மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் இதுபோன்ற தீ விபத்துகள் நடந்தன. இதையடுத்து மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. ஏ.ஐ.எஸ் 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதல் கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது.

ஒரு செல்லில் தீப்பிடித்தால் அது பக்கத்து செல்லுக்கு எப்படிப் பரவுகிறது என்பது உட்பட பல சோதனைகள் இந்த விதியில் உண்டு. பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் என்ற மின்னணு அமைப்பும் கட்டாயம். வாகனங்களையும் பாகங்களையும் சோதித்துச் சான்று தரும் மையங்களில் ஒன்றான ஜி.ஏ.ஆர்.சி. ஒரகடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் கடையில் தனியாக வாங்கும் லிப்போ பேட்டரி வாகன பேட்டரி இல்லை. அதனால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. ட்ரோன் வேகமாகக் கிளம்ப ஒரே நொடியில் நிறைய மின்சாரம் வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். இதற்காகவே பெரும்பாலான ஹாபி பேட்டரிகளில் பி.எம்.எஸ் வைப்பதில்லை. கெட்டியான உலோகக் கூடும் கிடையாது, மெல்லிய அலுமினிய உறைதான். ஓவர் சார்ஜ் ஆகாமல் பார்ப்பது, சார்ஜ் அடியோடு இறங்காமல் காப்பது, சூட்டைக் கவனிப்பது என பி.எம்.எஸ் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அதை வைத்திருப்பவரின் பொறுப்பு.

உள்ளே என்னதான் நடக்குது?

ஒவ்வொரு செல்லிலும் நேர்முனை, எதிர்முனை என இரண்டு அடுக்குகள் உண்டு. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கும். இவற்றுக்கு இடையே எளிதில் தீப்பற்றும் கரைப்பான் கலந்த எலக்ட்ரோலைட் இருக்கிறது. கீழே விழுந்து நசுங்குவது, ஓவர் சார்ஜ், அதிக வெப்பம் ஆகியவற்றால் அந்த சவ்வு பழுதானால் இரண்டு முனைகளும் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும்.

அதில் உண்டாகும் சூடு ரசாயன மாற்றத்தைத் தூண்டும், அந்த மாற்றம் இன்னும் சூட்டைக் கிளப்பும். இது கட்டுக்கடங்காமல் போவதை ஆங்கிலத்தில் 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள். நேர்முனையில் உள்ள பொருளே ஆக்சிஜனை வெளியிடுவதால், மூடி வைத்தால் அணைந்துவிடும் என்று நம்ப முடியாது. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற வாயுக்கள் கலந்த புகையும் வரும். சின்ன ரூமில் தீயைவிட இந்தப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும்.

ரூம்ல எங்க வைக்கணும்?

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே, ரூம் ஷேர் செய்து வாடகைக்கு இருப்பவர்களும் இந்தப் பகுதியில் ஏராளம். அப்படிப்பட்ட ரூம்களில் பெரும்பாலும் ஒரே வாசல்தான். சார்ஜ் போடும் பிளக் பாயின்ட்டும் பல இடங்களில் அந்த வாசல் பக்கத்திலேயே இருக்கும். அங்கே பேட்டரி எரிந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு வழியே இல்லை.

2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் நடந்தது இதற்கு ஓர் எச்சரிக்கை. கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏற, 8 பேர் உயிரிழந்தனர். எனவே வாசல், மாடிப்படி, கட்டிலுக்கு அடியில் ஆகிய மூன்று இடங்களிலும் பேட்டரியை வைக்கவோ சார்ஜ் போடவோ கூடாது.

சிமெண்ட் தரை, கடப்பாக்கல் மேடை, செங்கல் மேல் வைத்த மண் தொட்டி போன்ற எரியாத இடம் நல்லது. சுற்றிலும் துணி, பேப்பர், மெத்தை இருக்கக் கூடாது. தீயைத் தாங்கும் 'லிப்போ பேக்' என்ற பை கடைகளில் கிடைக்கிறது. அது தீப்பொறி தெறிப்பதைக் குறைக்கும், புகையை நிறுத்தாது. இறுக்கமாக மூடிய இரும்பு டப்பாவும் வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம். மூடியில் வாயு வெளியேற ஓட்டை இருக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூமில் மே மாத வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஷீட்டை ஒட்டிய மேல் அலமாரியை விட்டுவிட்டு, தரையை ஒட்டிய நிழலான மூலையில் வையுங்கள்.

ஃபுல் சார்ஜ் பண்ணி வைக்கலாமா?

கூடாது. பலரும் செய்யும் தவறு இதுதான். 'சண்டே பறக்க விடணும், இப்பவே ஃபுல் பண்ணி வச்சிடலாம்' என்று செவ்வாய்க்கிழமையே சார்ஜ் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு லிப்போ செல் முழுசாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அப்படியே நாள் கணக்கில் வைத்தால் உள்ளே வாயு உருவாகி பேட்டரி உப்பும். எரிந்தால் அதில் இருக்கும் ஆற்றலும் அதிகம், தீயும் வேகமாக இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால், ஒரு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரை இருக்கும்படி வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்காகவே 'ஸ்டோரேஜ்' என்ற மோட் இருக்கிறது. அதே நேரம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை மறுபடி சார்ஜ் போடுவதும் ஆபத்து.

சார்ஜ் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

* லிப்போவுக்கான பேலன்ஸ் சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பது அந்த மெல்லிய பேலன்ஸ் ஒயர்தான். அதை மாட்டாமல் சார்ஜ் போடக் கூடாது.

* செல் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபாருங்கள். 3 செல் பேட்டரிக்கு 12.6 வோல்ட்தான் எல்லை. பேலன்ஸ் ஒயர் மாட்டாமல், தவறுதலாக 4 செல் என்று அமைத்தால் சார்ஜர் 16.8 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும். அதாவது ஒரு செல்லுக்கு 5.6 வோல்ட். ஹாபி பேட்டரி தீ விபத்துக்கு இப்படி ஒரு தப்பான பட்டன் போதும்.

* 5,000 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 5 ஆம்பியர் அளவிலேயே சார்ஜ் போடலாம். அவசரத்துக்காக அதைக் கூட்ட வேண்டாம்.

* பறந்து முடித்ததும் பேட்டரி சூடாக இருக்கும். ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள்.

* நைட் ஷிஃப்ட் போகும்போதோ, தூங்கும்போதோ சார்ஜில் விட்டுவிடக் கூடாது. ஆள் இருக்கும்போது மட்டுமே போடுங்கள்.

பஸ், பைக், விமானத்தில் எப்படிக் கொண்டு போவது?

பயணத்தில் பெரிய எதிரி ஷார்ட் சர்க்யூட். பையில் கிடக்கும் சாவி, சில்லறை, ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை கனெக்டரைத் தொட்டால் போதும். ஒவ்வொரு பேட்டரியின் கனெக்டருக்கும் மூடி போடுங்கள், இல்லையென்றால் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். தனித்தனி உறையில் வைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்குங்கள். ட்ரோனில் மாட்டியபடியே கொண்டு போக வேண்டாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டலாம். பைக் பாக்ஸும் அப்படித்தான். இறங்கும்போது பேட்டரியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது, கைப்பையில் மட்டுமே அனுமதி. 100 வாட் ஹவர் வரை பொதுவாகக் கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு அதிகபட்சம் 2 உதிரி பேட்டரி. அதற்கு மேல் பயணிக்கு அனுமதி இல்லை.

கணக்கு சுலபம். வோல்ட்டையும் எம்.ஏ.எச். அளவையும் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 11.1 வோல்ட், 5,000 எம்.ஏ.எச். என்றால் 55.5 வாட் ஹவர், கொண்டு போகலாம். மருந்து தெளிக்கும் ட்ரோனில் வரும் 22.2 வோல்ட், 16,000 எம்.ஏ.எச். பேட்டரி 355 வாட் ஹவர். அது எல்லையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்து நொறுங்கிய சரக்கு விமானத்தில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. சரக்குப் பகுதியில் பற்றிய தீயின் புகை விமானி அறையை நிரப்பியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது உலக அளவில் தடை செய்யப்பட்டது.

உப்பிடுச்சு, புகை வருது... என்ன செய்யணும்?

உப்பிய பேட்டரியை அமுக்கக் கூடாது, குத்தி காற்றை எடுக்க முயலவே கூடாது. சார்ஜில் இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். புகை இல்லை, சூடும் இல்லை என்றால் மட்டும், வெளியே எரியாத இடத்துக்குக் கொண்டு போய் வையுங்கள்.

புகை வந்துவிட்டால் கையில் எடுக்க வேண்டாம். எல்லோரையும் எழுப்பி வெளியேற்றுங்கள், முடிந்தால் கதவைச் சாத்துங்கள், 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

'அப்போ தண்ணி ஊத்தலாமா?' என்று பலர் கேட்பார்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, தூரத்தில் இருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான். மண் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் பேட்டரியைக் குளிர வைக்காது. பவுடர் அணைப்பானில் தீ அடங்கினாலும் மறுபடி பற்றலாம். அணைந்த பேட்டரியையும் வெளியிலேயே விட்டுக் கண்காணிக்க வேண்டும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடலாமா?

கூடாது. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும், பாதிக்கப்படுவது தூய்மைப் பணியாளர். சார்ஜரின் டிஸ்சார்ஜ் மோடில் மெதுவாக இறக்கி, கனெக்டரில் டேப் சுற்றி, இ-வேஸ்ட் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் உள்ளே சார்ஜ் இருக்கும்போதே முனைகள் அரித்துப் போகலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்று இரவே பார்க்க வேண்டியவை

பேட்டரி வாசல் பக்கம் இருக்கிறதா? ஃபுல் சார்ஜில் இருக்கிறதா? எதாவது உப்பியிருக்கிறதா? கனெக்டர் திறந்து கிடக்கிறதா? ரூம்மேட்டுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியுமா? இந்த ஐந்தையும் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும்.