கடலில் விழுந்ததால் பிழைத்த மோதிரம்

கி.பி. 200-ஐ ஒட்டிய காலம். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமெந்து என்ற இறையியலாளர், கிறிஸ்தவர்கள் முத்திரை மோதிரத்தில் எதைச் செதுக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார். புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம். வாளும் வில்லும் ஆகாது, மதுக்கிண்ணம் ஆகாது, பிற தெய்வங்களின் முகம் ஆகவே ஆகாது. முத்துக்குளித்துறை ஊரான வேம்பாரின் கரையில் நிற்கிறவர் கண்ணில் இந்தப் பட்டியலில் யாழைத் தவிர மற்றதெல்லாம் பட்டுவிடும். புறாவுக்கும் குறையில்லை, ஊரின் பழைய கோயில், புறாவை அடையாளமாகக் கொண்ட தூய ஆவியின் பெயரில்தான் இருக்கிறது.

பட்டியலில் சிலுவை இல்லை. நகைகளில் அது பரவலாக ஏறியது மன்னன் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகுதான். அதுவரை மீன் அந்த வேலையைப் பார்த்தது. மீனுக்கான கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துகளும் 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்பதன் முதலெழுத்துகள். தெரிந்தவனுக்கு அது விசுவாசப் பிரமாணம். தெரியாதவனுக்கு வெறும் மீன்.

இப்படிப்பட்ட நகை ஒன்றை 2021-இன் இறுதியில் இஸ்ரேல் தொல்பொருள் துறையினர் உலகுக்குக் காட்டினார்கள். செசரியா கடலோரத்தில் மூழ்கிய கப்பலின் சிதறல்களுக்கிடையே கிடைத்த 3-ஆம் நூற்றாண்டு மோதிரம் அது. எட்டுப் பட்டை பொன்வளையம், நடுவில் பச்சைக் கல், கல்லில் கிறிஸ்துவின் அடையாளமாக, தோள்மீது ஆட்டைச் சுமந்து நிற்கும் இளம் மேய்ப்பன். யாழ் செதுக்கிய சிவப்புக் கல் ஒன்றும் அங்கேயே அகப்பட்டது. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தால், அந்த மோதிரம் நான்கைந்து தலைமுறைக்குள் உருக்கப்பட்டு வேறொரு மோதிரமாகியிருக்கும்.

ரோமானியரின் நகைப்பெட்டியில் நம் கடலுக்கும் பங்கு உண்டு. கொற்கைப் பக்கம் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததை 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூல் எழுதியிருக்கிறது. ரோமப் பெண்கள் காதில் தொங்கிய முத்துகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் கலகலப்பில் சொக்கிப்போனதை ரோம எழுத்தாளர் பிளினி எரிச்சலோடு குறித்து வைத்தார். பின்னாளில் பைசாந்தியப் பொற்சிலுவைகளின் ஓரத்திலும் முத்துகள் ஏறின.

போனதற்கு ஈடாக வந்தது காசு. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகள் விரல் நகத்தைவிடச் சிறியவை. தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் காலத்துக் காசுகளில் ஒரு வகையில், கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதைக்குப் பக்கத்தில் கிறிஸ்துவின் பெயர்க்குறி பொடியாக நிற்கும். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் சிலவற்றில் துளையோ வளையமோ இருக்கிறது. யாரோ கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். சங்கிலிப் பதக்கத்தை இன்றும் 'டாலர்' என்றே சொல்கிறோம். காசைக் கழுத்தில் போடும் பழக்கம் சொல்லிலும் ஒட்டிக்கொண்டது.

கிளெமெந்துவின் கேள்வி தமிழ்நாட்டுக்கு 1704-இல் வந்து சேர்ந்தது. புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் துர்னோன், கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக்கூடாது, மஞ்சள் தோய்த்த 108 இழைச் சரடும் கூடாது என்று ஆணையிட்டார். பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ மாதாவோ இருக்கலாம். மாற வேண்டியது தாலியல்ல, அதன்மேல் இருக்கும் உரு. அலெக்சாந்திரியாவில் மோதிரத்துக்குச் சொன்ன அதே தீர்ப்பு! சிலுவைத் தாலியும் புறா பொறித்த தாலியும் இன்றும் கத்தோலிக்கக் கழுத்துகளில் இருக்கின்றன.

இவற்றில் பழையவை எத்தனை மிஞ்சும் என்பதுதான் கவலை. முத்துக்குளித்துறைக் கரையில் நகை என்பது அலங்காரம் மட்டுமல்ல. மீன் பாடு குறைந்த மாதத்தில் அடகுக்குப் போகும், வலைக்கும் இன்ஜினுக்கும் கைகொடுக்கும், மகள் கல்யாணத்துக்குப் புது மாடலாக மாறும். பாட்டி நகை பேரப்பிள்ளையின் படிப்புக்கு ஆகட்டுமே என்பதும் நியாயம்தான். ஆனால் உருகுவது பொன் மட்டுமா? அந்தப் புறாவின் சிறகைக் கொத்திய ஆசாரியின் கை, அவர் பட்டறையின் அச்சு, இந்தக் கரையின் ஏழு ஊர்களில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இருந்த சின்ன வித்தியாசம், எல்லாம் மூசைக்குள் போகின்றன. 2021-இல் ஹால்மார்க் கட்டாயமான பின் 916 முத்திரை இல்லாத நகையைக் கையில் வைத்திருக்கவே பலர் தயங்குகிறார்கள். ஆசாரி அடித்த பழைய நகையில் அந்த முத்திரைக்கு எங்கே போவது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள். தராசில் அது பழைய தங்கம். கடைக்காரர் கல்லையும் அரக்கையும் கழிக்கிறார், உரைத்துப் பார்க்கிறார், எடை போடுகிறார். விற்க வந்தவரின் ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துக்கொள்கிறார். தாலியை ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, விற்க வந்தவருக்கும்.