1,570 கலோரிப் பசி

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நக்கினார்கள். சமையல் குறிப்புகளைத் தொடர்கதை போலப் படுக்கையில் வைத்துப் படித்தார்கள். ஒருவர் சூயிங்கம் மட்டும் நாளுக்கு நாற்பது பாக்கெட் வரை மென்றார். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் இல்லை இவர்கள். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்து, அதற்கு ஈடாகப் பட்டினி ஆய்வுக்குத் தாமாக முன்வந்த 36 அமெரிக்க இளைஞர்கள். இடம், மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் அடித்தளம்.

1944 நவம்பரில் ஆய்வைத் தொடங்கியவர் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவதே நோக்கம். 24 வாரங்களுக்கு உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் ஏறத்தாழ கால்வாசி கரைந்தது.

1,570! வாட்ஸ்அப்பில் கைமாறும் டயட் அட்டவணைகளில் 1,200 என்பதே சாதாரணம். ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும், உண்மைதான். ஆனாலும் அந்த எண் என்னை உறுத்துகிறது.

அந்த இளைஞர்களின் உடல் ஓய்வில் செலவிடும் சக்தி சுமார் 40 சதவீதம் சுருங்கியது. நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிரெடுத்தது. எரிச்சல், சோர்வு, எதிலும் பிடிப்பின்மை. சிலருக்குத் தாங்கள் மெலிந்ததே தெரியவில்லை, மற்றவர்கள்தான் குண்டாகத் தெரிந்தார்கள். சாப்பாடு மீண்ட பிறகும் பசி அடங்கவில்லை. வயிறு முட்டத் தின்றும் இன்னும் கேட்டது. உண்ணல் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருவோர் இன்றும் இந்த ஆய்வைச் சுட்டுவது இதற்காகத்தான். பத்து நாள் வாயைக் கட்டிவிட்டுப் பதினோராம் நாள் பிரியாணி அண்டாவைத் தேடுகிறவரை "மன உறுதி இல்லாதவர்" என்கிறோம். அவர் உடல், பஞ்சம் வந்துவிட்டதென்று நம்பித் தன் வேலையைச் செய்கிறது.

இதே கீஸ்தான் 1972-இல் பி.எம்.ஐ. என்ற பெயரையும் சூட்டினார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கேத்லே, "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று கணக்கிடப் போட்டது. கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல். தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். தெற்காசியர்களுக்கு எடை கூடாமலே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் இங்கு மருத்துவர்கள் உஷாராகிறார்கள். "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்! கல்யாண வீட்டில் "என்னம்மா, இப்படி ஊதிட்டே?" என்று பந்தியிலேயே விசாரிக்கும் அத்தைக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று பாக்கியிருக்கலாம்.

உடற்பயிற்சியையும் தின்ற லட்டுக்கான அபராதமாகவே பார்க்கிறோம். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. எடை மெஷினில் முள் அசையாத நாளிலும் அந்த வேலை நடக்கிறது.