பிரசவ விடுமுறையின் செலவு யார் தலையில்?

காலி வீதியில் தெஹிவளைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தை வரை நீண்டு கிடக்கும் புடைவைக் கடைகளுக்கும் பாமசிகளுக்கும் சிறு காரியாலயங்களுக்கும் வேலை தேடிச் செல்லும் நமது பிள்ளைகள், நேர்முகப் பரீட்சையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "கல்யாணம் முடித்துவிட்டீர்களா?" ஆம் என்றால், "பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்பது அடுத்த கேள்வி. அதன் பின்னர் "அறிவிக்கிறோம்" என்பார்கள். அறிவித்தல் வருவதில்லை. அவளது உயர்தரப் பெறுபேற்றை யாரும் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த முதலாளியை இரக்கமற்றவர் என்று ஏசிவிட்டு இருந்துவிடலாம். சிலர் அப்படிப்பட்டவர்கள்தாம். ஆனால் எல்லா முதலாளிமாரும் கூடிப் பேசி இந்தக் கேள்வியைத் தீர்மானிக்கவில்லை. அதை அவர்கள் வாயில் போட்டதில் நமது நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு பங்குண்டு.

சட்டம் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. தனியார் துறைத் தாய்மாருக்குப் பிரசவ விடுமுறை தருபவை 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமுமாகும். முன்னர் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாட்களும், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்களும் என்று இருந்தது. மூன்றாவது பிள்ளையைப் பெற்றவளுக்கு உடம்பு பாதி வலிதான் வலிக்கும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது! 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அந்த அநீதியை நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்று ஆக்கின. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்த 84 நாட்களுக்கும் சம்பளம் யார் கொடுப்பது? அவளை வேலைக்கு வைத்திருக்கும் அந்த ஒரு முதலாளி மட்டுமே.

ஐந்து பெண்கள் வேலை செய்யும் ஒரு தையற்கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைச் சட்டத்தின்படி 84 நாட்கள் என்பது வேலை நாட்கள். வாரத்தில் ஒன்றரை நாள் லீவையும் போயா தினங்களையும் கழித்து எண்ணினால் ஏறத்தாழ மூன்றரை மாதம் ஆகிவிடும். சம்பளம் 1,40,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 என்று இன்னும் 21,000 ரூபா. அவளுடைய மெஷின் சும்மா கிடக்க முடியாது. அதில் உட்காரும் மாற்று ஆளுக்கும் கூலி வேண்டும். பெரிய கம்பனிக்கு இது கண்ணில் படாத தொகை. ஐந்து மெஷின்காரருக்கு அது நோன்புப் பெருநாள் வியாபாரத்தின் இலாபம். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவர் சட்டத்தை மீறுவதில்லை. இளம் மனைவியரை எடுக்காமல் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். கருவுற்றதற்காக வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவளை எந்தத் தொழில் காரியாலயம் தேடிப் போகும்?

அரசாங்கப் பாடசாலை ஆசிரியையின் நிலை வேறு. அவளுக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளம். அதற்கு மேலும் 84 நாட்கள் அரைச் சம்பளத்தில் விடுமுறை எடுக்கலாம். அதிபர் தமது பையிலிருந்து ஒரு சதமும் கொடுப்பதில்லை. திறைசேரி கொடுக்கிறது, அதாவது நாம் எல்லோரும் கொடுக்கிறோம். ஆகவே அங்கே "கல்யாணம் முடித்துவிட்டீர்களா" என்ற கேள்விக்கு வேலையே இல்லை.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1970களில் சில மாநிலங்கள், தொழிலாளருக்கான மருத்துவக் காப்புறுதியில் பிரசவச் செலவையும் ஏனைய நோய்களைப் போலவே சேர்க்க வேண்டும் என்று சட்டமியற்றின. ஜொனதன் குரூபர் என்ற பொருளியலாளர் அதன் விளைவை ஆராய்ந்து 1994இல் எழுதினார். பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் சம்பளம், அந்தச் செலவின் அளவுக்கு ஏறக்குறையக் குறைந்திருந்தது. முதலாளியின் தோளில் வைத்த சுமை மெல்ல வழுக்கிப் பெண்ணின் தோளுக்கே வந்து சேர்ந்துவிட்டது. சிலி நாட்டுச் சட்டம் இன்னும் விசித்திரமானது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகச் செலவை ஏற்க வேண்டும் என்று அது விதித்தது. பத்தொன்பது பெண்களோடு நிறுத்திக்கொண்டால் செலவில்லை அல்லவா! இருபதாவது பெண் என்ன குற்றம் செய்தாள்? இந்தியா 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. 50 ஊழியர் உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்று சொன்னபோது, ஆண், பெண் எல்லோரையும் சேர்த்தே எண்ணச் சொன்னது. ஆனால் விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியபோது, அந்தச் செலவை இ.எஸ்.ஐ. காப்புறுதிக்கு வெளியே உள்ள பெண்களைப் பொறுத்தவரை முதலாளியிடமே விட்டுவிட்டது.

நமது வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சமூகத்தின் பாலர் பாடசாலைகளையும் பெண்கள் மத்ரஸாக்களையும் நடத்துவது இளம் ஆசிரியைகளே. அவர்களில் ஒருவர் கருவுற்றால் நிர்வாக சபை என்ன செய்கிறது என்பதை வாசகிகள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அந்த நிர்வாக சபைகளில் இருப்போரும் மார்க்கம் தெரிந்தவர்களே. பணம் இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் இருந்து பயனில்லை.

கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித் தொகை கொடுக்கப்பட்டது. பால் மறந்த குழந்தைக்கு மட்டும் என்பது நிபந்தனை. ஓரிரவு மதீனாவுக்கு வந்து தங்கிய வியாபாரக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விட்டு விட்டு அழுதது. இரு தடவை சென்று தாயைக் கண்டித்த கலீபா, மூன்றாவது தடவை காரணம் கேட்டார்கள். பேசுவது கலீபாவிடம் என்று அறியாத அந்தத் தாய், பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பணம் தருகிறார், அதனால்தான் இதற்கு முன்கூட்டியே பாலை மறக்கடிக்கிறேன் என்றாள். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று ஸுப்ஹுத் தொழுகையில் கலீபாவின் ஓதல் விளங்காத அளவுக்கு அழுகை மேலிட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறந்த நாளிலிருந்தே உதவித் தொகை உண்டு என்று அன்றே அறிவிக்கப்பட்டது. மாகாணங்களுக்கும் எழுதி அனுப்பினார்கள். அந்த நிபந்தனையில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அந்தத் தாயும் சட்டத்தை மீறவில்லை. அப்படியிருந்தும் ஒரு சிசு பசியோடு அழுதது. அந்தப் பணம் பொது நிதியிலிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள்.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்கச் சமவாயம், பிரசவ நன்மைச் செலவுக்கு எந்த முதலாளியும் தனித்துப் பொறுப்பாக்கப்படக் கூடாது என்கிறது. சமூகக் காப்புறுதியோ பொது நிதியோதான் அதனைக் கொடுக்க வேண்டும். இலங்கை 1993இல் இதை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் 2018இல் சட்டத்தைத் திருத்தியபோதும் முதலாளியே கொடுக்கும் முறைதான் தொடர்ந்தது.

பொது நிதி என்றால் பெரும் தொகை என்று மலைக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன சம்பளத்தில் 100 பேர், ஆண்களும் பெண்களுமாக, வேலை செய்கிறார்கள். வருடத்தில் மூன்று பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரின் விடுமுறைச் சம்பளம் 4,20,000 ரூபா. அதை 100 பேரின் கணக்கில் பகிர்ந்தால் ஆளுக்கு மாதம் 350 ரூபா. சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆணை வேலைக்கு வைத்தாலும் அதே 350தான் என்பதால், பெண்ணை ஒதுக்குவதில் முதலாளிக்கு இலாபம் எதுவும் இல்லை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான இ.எஸ்.ஐ. திட்டம், குறிப்பிட்ட சம்பள எல்லைக்குள் உள்ளவர்களுக்கு இந்த வழியில்தான் பிரசவ நன்மை கொடுக்கிறது. முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 என்று எல்லோர் பேரிலும் கட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருமுன் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதைக் கட்டாயமாக்கியது. தனியார் துறையின் மீது குறிப்பிட்ட தொகைக்கு மேல் சுமை ஏற்றும் சட்டமூலம் என்றால், காங்கிரஸ் சபையின் வரவு செலவு அலுவலகம் அதன் செலவை மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கணக்கைப் பார்த்த பின்னரும் சட்டத்தை நிறைவேற்றலாம், தடையில்லை. நமது தேசிய தொழில் ஆலோசனைச் சபையில் அரசாங்கமும் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் அமைப்புகளும் அமர்கின்றன. களுபோவிலையில் வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டு நடத்தும் சகோதரிக்கு அங்கே நாற்காலி இல்லை. வேலை தேடி அலைபவளுக்கும் இல்லை.

முதலாளியின் செலவு மட்டுமல்ல, தாயின் செலவும் அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய்க்கு, பாலூட்ட நாளொன்றில் இரண்டு இடைவேளைகள் உண்டு. காப்பக வசதி இருந்தால் அரை மணி வீதம், இல்லையேல் ஒரு மணி வீதம். 2018இல் இது கடை, காரியாலயப் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தெஹிவளைக் கடையில் வேலை செய்பவள் களுபோவிலையில் இருந்தால் ஓடிப் போய்ப் பாலூட்டிவிட்டு வரலாம். பாணந்துறையிலிருந்து பஸ்ஸில் வருபவளுக்கு அந்த ஒரு மணித்தியாலம் எதற்கு? கடைக்குப் பின்னால், துணிப் பொதிகளுக்கு நடுவே, கதவை மூடிக்கொள்ள ஓர் இடம்கூட அவளுக்குக் கிடையாது.