கேட்பதற்கு அஞ்சுவானேன்?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையிலிட, 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு இடந்தந்தது. உயிரையே வெறுத்தவருக்குச் சிறைப்பயம் என்ன செய்யும்? 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அவரைக் கடும் மனவேதனைக்குள்ளானவராகவே கருத வேண்டுமென விதித்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையில் அப்பிரிவே இடம்பெறவில்லை. சட்டம் திருந்திற்று, ஜனங்களின் வாய்ப்பூட்டுத்தான் கழலவில்லை.

“சாகும் எண்ணம் உண்டா?” என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே மூட்டியதாகும் என்று தொண்டர்களுங்கூடத் தயங்குகிறார்கள். அது வீண் பயமென்போம். நேரே கேட்பதனால் எண்ணம் விளைவதில்லை. பலருக்கு மனப்பாரம் குறைகிறது. உண்டென்றால், முன்பு முயன்றாரா, வழி தேடி வைத்திருக்கிறாரா, நாள் குறித்தாரா என்று பொறுமையாய் அறிய வேண்டும். உபதேசம் அப்போது உதவாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றுக. தனியே விடாது உடனிருந்து வைத்தியரிடம் சேர்ப்பிக்க. நள்ளிரவாயினும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம்.