தந்தையை இழந்த குழந்தையும் ஆச்சியின் வீடும்: நிவாரணத்தில் விடுபடும் கேள்வி

சாதிவெறிக் கொலையில் தந்தையை இழந்த குழந்தைக்கு அரசு தரவேண்டியது என்ன? தாய்க்கு ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, வீடு என்று நாம் பட்டியலிடுகிறோம். அக்குழந்தை இனி யாருடைய அரவணைப்பில் வளரும் என்ற கேள்வியை எழுப்ப மறந்துவிடுகிறோம்.

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நான் சந்தித்த ஒரு குடும்பம் அக்கேள்வியை எழுப்பியது. கணவர் கொல்லப்பட்டபின் தாய் வாழைத்தோட்டக் கூலி வேலைக்குச் சென்றார். எட்டு வயது மகளுக்குக் காலைதோறும் வயிற்றுவலி, அடிக்கடி காய்ச்சல். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தால் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று அலுவலர் ஒருவர் பரிவோடுதான் சொன்னார். தாய் தயங்கினார்: "அவ ஆச்சி பக்கத்துல படுத்தாத்தான் தூங்குதா."

அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கரீபியத் தீவான டொமினிக்காவின் சிற்றூர் ஒன்றில், மானுடவியலாளர் மார்க் ஃபிளின் 1988 முதல் பல ஆண்டுகள் குழந்தைகளின் உமிழ்நீரைச் சேகரித்து, மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல் அளவை ஆராய்ந்தார். உறவினர் துணையின்றித் தனித்து வாழும் தாய்மாரின் குழந்தைகளிடம் அழுத்தம் மிகுந்திருந்தது. தாய் தனித்திருந்தாலும் உறவினர் துணை இருந்த வீடுகளில் அது மிதமாகவே இருந்தது. நீடித்த அழுத்தம் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்படும். அத்தீவின் முடிவுகளைப் பொருநைக் கரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆயினும், தந்தையை இழந்த குழந்தையை ஆச்சியிடமிருந்தும் பிரிக்குமுன் நம்மைச் சிந்திக்கவைக்க அவை போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கொல்லப்பட்டவரின் மனைவிக்கோ சார்ந்தோருக்கோ அகவிலைப்படியுடன் மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் உண்டு. குழந்தைகளின் பட்டப்படிப்பு வரையிலான முழுக் கல்விச் செலவும் பராமரிப்பும் அரசின் பொறுப்பு. குழந்தைகள் உறைவிடப் பள்ளியில் "சேர்க்கப்படலாம்" என்பதே விதியின் சொல்; அது கட்டாயமன்று. வீட்டிலிருந்து பள்ளி செல்லும் குழந்தைக்கும் கல்விச் செலவு பெறும் உரிமை முழுமையாக உண்டு. சட்டத்தின் 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோரின் வயது காரணமாக எழும் சிறப்புத் தேவைகளைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. குழந்தையை நிறுவனப் பராமரிப்பில் வைப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

விடுதிகளை நான் பழிக்கவில்லை. நம் மாணவர் பலருக்குக் கல்விக்கதவைத் திறந்தவை அவை. ஆனால் விடுதியா வீடா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்திற்கே உரியது.

எனவே, நிவாரண மனு எழுதும் தோழர்கள் குழந்தைக்கெனத் தனிப் பத்தி ஒன்று எழுதவேண்டும். குழந்தையை யார் பராமரிக்கிறார், அவர் எங்கே வசிக்கிறார், குழந்தையின் உடல்நிலை எவ்வாறு உள்ளது என்பவற்றை அதில் பதிவுசெய்யுங்கள். மாற்று வீடு கோரினால், உறவினர் வசிக்கும் இடத்திற்கு அருகிலேயே கோருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவில் இக்கோரிக்கையை எழுப்புங்கள். அக்குழந்தை அச்சமின்றி உறங்குவதும் நீதியின் ஒரு பகுதியே.