எதிர்பாராமல் வந்த அழைப்பு



நெடுந்தீவில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூத்த மகள் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியை. என்றோ அனுப்பி, அனுப்பியதையே மறந்துவிட்ட விண்ணப்பம் ஒன்றுக்காக, நேர்முகத் தேர்வுக்கு வருமாறு கொழும்பிலிருந்து கடிதம் வருகிறது. அன்றிரவு அவ்வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. தாய் தம் மூட்டுவலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தந்தை கடலின் நிலையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

தீவில் இருப்பவர்க்கு இது காலையில் சென்று மாலையில் திரும்பும் காரியமன்று. படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம். பின்னர் கொழும்புக்கு நெடும் பயணம். காற்று எழுந்தால் முதற் படியிலேயே தடை.

இத்தகைய வேளையில் நாம் எளிதாகத் தவறுவதுண்டு. எதிர்பாராமல் வந்தது என்பதனாலேயே கடிதத்தை இறைவனின் அடையாளமாகக் கொள்கிறோம். படகு ஓடாவிட்டால் அதையும் அடையாளம் என்கிறோம். காற்றின்மேல் இவ்வளவு பொறுப்பைச் சுமத்தலாமா?

ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் வாழ்வை நோக்குங்கள். அவருடைய தந்தையாரின் ஊர் நெடுந்தீவுதான். உரோமையில் குருத்துவக் கல்வியை முடித்த அவர் பணியாற்றச் சென்றது தம் ஊருக்கன்று, தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு. வடக்கன்குளத்துப் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியரானார். உரோமையில் கற்றவருக்கு அது சிறிய இடம் என்று எவரேனும் எண்ணியிருக்கவும் கூடும். ஆனால் அங்கேதான் பண்டிதர் ஒருவரிடம் அமர்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகப் பயிலத் தொடங்கினார். 1945இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 1961இல் அதை விட்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராகச் சென்றார். 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவர் அங்கிருந்ததே பெருங்காரணம்.

மறுத்தவரும் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் புனித யோசப் வாஸ். ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது ஏற்க மறுத்து, எளிய மறைபணியாளராகவே இருந்து 1711இல் கண்டியில் உயிர்நீத்தார். சென்றவரையோ மறுத்தவரையோ நாம் இன்று குறை சொல்வதில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு தெளிவது? புனித இஞ்ஞாசியார் தமது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு வழி சொல்கிறார். நாம் முன்பின் அறியாத, ஆயினும் நன்மையே விரும்பும் ஒருவர் இதே நிலையில் நம்மிடம் வந்தால் என்ன அறிவுரை கூறுவோம் என்று எண்ணிப் பார்த்து, அதையே நாமும் செய்யலாம் என்கிறார். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முன்னெடுத்த உறுதியை மாற்றலாகாது என்பதும் அவர் அறிவுரையே. அதிபரோடு மனத்தாங்கல் ஏற்பட்ட வாரத்தில் வந்த கடிதம் வழக்கத்தைவிட இனிதாகத்தான் தோன்றும்!

இன்னொன்றும் உண்டு. வானதூதர் கொண்டுவந்த எதிர்பாராத செய்திக்கு இசைவு தருமுன் அன்னை மரியாள் ஒரு கேள்வி கேட்டார். நேர்முகத் தேர்வுக்குச் செல்வது பணியை ஏற்பதாகாது. அங்கே அவர்கள் கேட்பதுபோல மகளும் கேட்கலாம்: வேலை நேரம் என்ன, தங்குமிடம் உண்டா, ஊருக்கு வர விடுமுறை கிடைக்குமா, கையில் மிஞ்சுவது எவ்வளவு? வீட்டிலிருந்தபடி ஊகித்து ஒரு வாரம் கலங்குவதைவிட இது மேல். எவ்வகையிலும் ஏற்க இயலாது என்று இப்போதே உறுதியாகத் தெரிந்தால், செலவு செய்து போகவேண்டியதில்லை. மரியாதையாக எழுதி அறிவித்துவிட்டால் அவ்விடத்துக்கு வேறொருவர் அழைக்கப்படக்கூடும்.

போவதென்று முடிவானால், முந்திய இரவு குடும்பச் செபம் முடிந்ததும் எவரும் உடனே எழுந்துவிட வேண்டாம். தாய் தம் மூட்டுவலியைச் சொல்லட்டும். தந்தை கடலை விட்டுவிட்டு, மகள் இல்லாத வீட்டை எண்ணித் தாம் அஞ்சுவதைச் சொல்லட்டும். தன் மாணவர்களை யார் பார்ப்பார் என்ற கவலையை மகளும் மறைக்க வேண்டாம். இவற்றை எல்லாம் கேட்டபின் அவள் காலையில் படகேறட்டும்.